உதவி: ஐஸ் மீன்பிடி, சிம்கோ ஏரி (ஒன்ராறியோ, கனடா), குக்ஸ் பே – பெப்ரவரி கடைசியில் பேர்ச் மீன் சோனரில் தெரியுது, ஆனால் கடிக்குதில்லை

கேள்வி (கெசிக் கரை)

வணக்கம். கெசிக் பக்கம், கரையிலிருந்து ஒரு கிலோமீற்றருக்குள்ளதான் ஐஸில் ஓட்டை போடுறது. ஆழம் 3 மீற்றர், கீழே களை. ஜனவரி நடுப்பகுதியில் இதே இடத்தில் காலை 8 மணியிலிருந்து 10 மணிக்குள் 30 பேர்ச் மட்டில் வந்தது. இப்ப நாள் முழுக்க இருந்தாலும் ரெண்டு மூண்டுதான்.

ஐஸ் 45 சென்ரிமீற்றர். அதில் மேல் 15 வெள்ளை ஐஸ், அதுக்கு மேலே ஒரு சாண் பனி. 4 மில்லிமீற்றர் ரங்ஸ்ரன் ஜிக் (பாரம் வைச்ச சின்ன முள்), முள்ளில் 2 மாகட் புழு, 3 பவுண்ட் தங்கூசி, சாதாரண ஸ்பின்னிங் ரீல். சோனரில் (ஒலியால் ஆழத்தையும் மீனையும் காட்டுற கருவி) அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா மீனின்ர கோடு ஒண்டு எழும்பி ஜிக்குக்குக் கிட்ட வரும், கொஞ்சம் நிக்கும், திரும்பக் கீழே போயிடும். இரையை மாத்திப் பார்த்தாச்சு, ஜிக்கின்ர நிறத்தையும் மாத்திப் பார்த்தாச்சு.

இன்னொண்டு: 6 அங்குலக் கை ஓகர் (ஐஸில் ஓட்டை துளைக்கிற கருவி) இப்ப சும்மா சுத்துது, ஐஸை வெட்டுதில்லை. அலகு மாத்த வேணுமோ?

பதில் (ஆழம் பார்க்கிறவர்)

நிறத்தை விடுங்கோ, முதல் இடத்தை மாத்துங்கோ. ஜனவரியில் களை பச்சையாக இருந்திருக்கும். பனி மூடி வெளிச்சம் போகாமல் விட்ட பிறகு களை செத்து அழுகும். அழுகிறதுக்கு ஒக்சிசன் வேணும், அதைச் சுத்தியிருக்கிற தண்ணியிலிருந்துதான் எடுக்கும். மேலே ஐஸ் மூடி போட்ட மாதிரி இருக்கிறபடியால் காத்திலிருந்து புது ஒக்சிசன் இறங்காது. 3 மீற்றர்த் தண்ணியில் களை நிறைஞ்ச இடம்தான் முதலில் கெடும். முதலில் இரைப் பூச்சி குறையும், பிறகு பேர்ச் வெளிக்கிடும்.

இதைச் சோதிக்கிறது சுகம். மூண்டு முள்ளுக் கொழுக்கி ஒண்டைக் கீழே விட்டுக் களையில் ஒரு கைபிடி இழுத்து எடுங்கோ. பச்சையாக, முறுகலாக இருந்தால் அந்த இடத்தில் இன்னும் மீன் நிக்கும். மண்ணிறமாகி, வழுவழுத்து, கூழ்முட்டை மணம் அடிச்சால் அங்கே இருந்து பிரயோசனமில்லை.

அடுத்து எங்கே போறது? 4 பாகைத் தண்ணிதான் ஆகப் பாரம் கூடினது. அதனால் மாரியில் ஐஸுக்கு அடியில் 0 பாகை, நிலத்துக்குக் கிட்ட 4 பாகை மட்டில் இருக்கும். பேர்ச் அந்தச் சூட்டையும் சேத்துக்குள்ள இருக்கிற சிவப்புப் புழுக்களையும் தேடித்தான் ஆழத்துக்கு இறங்கும். களை முடியிற விளிம்பிலிருந்து ஆழப்பக்கம் நேர்கோடாக, 15 மீற்றருக்கு ஒண்டாக ஓட்டை போட்டுக்கொண்டு போங்கோ. 6 தொடக்கம் 9 மீற்றர் வரைக்கும் பாருங்கோ. ஒரு ஓட்டையில் 5 நிமிடம் சோனரில் ஒண்டும் தெரியாட்டில் அடுத்ததுக்குப் போங்கோ. பேர்ச் கூட்டமாகத் திரியிற மீன். ஒரு ஓட்டையில் குந்தியிருந்து வரும் வரும் எண்டு பார்க்கிறது ஜனவரிக்குச் சரி, இப்பச் சரிவராது.

வெள்ளை ஐஸைச் சுரண்டி எடுத்துத் தெளிஞ்ச ஐஸ் தெரியிற இடத்தில் கொஞ்சம் தண்ணி ஊத்தி, சோனரின்ர உணரியை அதில் வைச்சால் துளைக்காமலே ஆழம் காட்டும். வெள்ளை ஐஸுக்குள் காத்துக் குமிழ் இருக்கிறபடியால் அதுக்கு மேலே வைச்சால் காட்டாது.

சேத்து நிலத்தில் ஜிக்கை நிலத்தில் மெல்ல 4, 5 தரம் தட்டி, ஒரு விரலளவு தூக்கி, அசையாமல் பிடியுங்கோ. கலங்கின சேறு மீனைக் கூப்பிடும்.

ஒரு விசயம்: 10 மீற்றருக்குக் கீழே போய்ச் சின்ன மீன் பெரிய மீன் எண்டு தெரிவுசெய்து திருப்பி விடாதேங்கோ. அந்த ஆழத்திலிருந்து இழுத்தால் காத்துப்பை வீங்கி வயிறு வாய்க்குள்ளால் வரும். விட்டாலும் பிழைக்கிறது குறைவு.

பதில் (தங்கூசி)

மேலே சொன்னது சரி. ஆனால் கிட்ட வந்து பார்த்துப்போட்டுத் திரும்புது எண்டால் இன்னொரு பிழையும் இருக்கு. உங்கட ஜிக் சுத்துது.

ஸ்பின்னிங் ரீலில் நூல் சுருளாகச் சுத்துப்படும். இறக்கேக்க ஒவ்வொரு சுருளும் ஒரு முறுக்காக நூலில் ஏறும். பாரம் குறைஞ்ச ஜிக் தொங்கேக்க அந்த முறுக்குக் கழரும், ஜிக் பம்பரம் மாதிரி மெல்லச் சுத்தும். குளிர்காலப் பேர்ச் அவசரப்பட்டுக் கவ்வாது, கிட்ட நிண்டு பார்க்கும். இரைப்பூச்சி ஒண்டும் நிண்ட இடத்தில் அப்பிடிச் சுத்தாதே.

ஜிக்கை ஓட்டைக்குள் 30 சென்ரிமீற்றர் இறக்கிக் கையை அசைக்காமல் குனிஞ்சு பாருங்கோ. 10 விநாடிக்குப் பிறகும் சுத்தினால் இதுதான் காரணம்.

திருத்தம்: 12ஆம் அல்லது 14ஆம் இலக்கச் சின்னச் சுவிவலை (நூல் முறுகாமல் சுழலுற இணைப்பு) ஜிக்குக்கு 40 சென்ரிமீற்றர் மேலே கட்டுங்கோ. அல்லது நூல் நேராக இறங்கிற இன்லைன் ரீலுக்கு மாறுங்கோ, அதுதான் நிரந்தர வழி. ஏற்கெனவே முறுகின நூலை ஆழமான ஓட்டையில் முழுக்க இறக்கி, முள்ளில்லாமல் ஒரு ஈயம் மட்டும் கட்டிச் சில நிமிடம் தொங்க விட்டால் முறுக்கு இறங்கும்.

முடிச்சையும் பாருங்கோ. ஜிக் கிடையாகத் தொங்க வேணும். ஒவ்வொரு மீனுக்கும் பிறகு முடிச்சு வளையத்தில் முன்னுக்கு வழுக்கும், அப்ப ஜிக் செங்குத்தாக நிக்கும். நகத்தால் தள்ளி நடுவுக்குக் கொண்டுவாங்கோ. 8 மீற்றர் ஆழத்துக்கு 5 மில்லிமீற்றர் ஜிக் போடுங்கோ, கெதியாக இறங்கும், நூலும் விறைப்பாக நிக்கும்.

பதில் (ஓகர் திருத்தம்)

அலகை மாத்த முதல் ஒண்டைப் பாருங்கோ. ஓகரை ஈரத்தோடு சூடான காருக்குள் வைச்சு, திரும்ப வெளியில் எடுத்தால் அலகில் மெல்லிய ஐஸ் படியும். கண்ணுக்குத் தெரியாது, விரலை அலகின்ர முகத்தில் மெல்லத் தடவினால் வழுக்கும். அதோட துளைச்சால் சுத்தும், வெட்டாது. அதைத் தட்டி உடைக்காதேங்கோ, நுனி மழுங்கும். பக்கத்து ஓட்டைத் தண்ணியில் ஒரு நிமிடம் தோய்ச்சுப் பிடிச்சால் போதும்.

அப்பிடியும் வெட்டாட்டில் நுனியில் பல்லு விழுந்திருக்கும். கரையோர ஐஸில் மணல் கலந்திருக்கும், அதில் ஒருக்காத் துளைச்சாலே போதும் கெட. ரெண்டு அலகையும் ஒண்டாக மாத்துங்கோ. ஒண்டு புதுசு, ஒண்டு பழசு எண்டால் ஓகர் துள்ளும். வீட்டில் துடைச்சு, எண்ணெய் ஒரு துளி பூசி, மூடி போட்டு வையுங்கோ.

கேள்வி (கெசிக் கரை)

நன்றி எல்லாருக்கும். களை மண்ணிறம், மணமும் அதேதான். 7.5 மீற்றரில் கூட்டம் நிண்டது, சுவிவல் கட்டின பிறகு 22 வந்தது. ஓகரில் ஐஸ்தான் படிஞ்சிருந்தது. இப்ப மழை பெய்து ஐஸுக்கு மேலே தண்ணி நிக்குது. மார்ச் முதல் கிழமை போகலாமோ? அளந்தால் இன்னும் 40 சென்ரிமீற்றர் இருக்கு.

பதில் (ஆழம் பார்க்கிறவர்)

மார்ச்சில் அளவை மட்டும் நம்பாதேங்கோ. தெளிஞ்ச நீல ஐஸ் ஆள் நடக்க 10 சென்ரிமீற்றர், ஸ்னோமொபீலுக்கு 20 எண்டு சொல்லுறது குளிர்காலத்துக்கு. வெள்ளை ஐஸ் எண்டால் இரட்டிப்பு வேணும். வெயில் பட்டுப் பட்டு ஐஸ் மெழுகுதிரியளை அடுக்கின மாதிரி நிமிர்ந்த குச்சியளாகப் பிரிஞ்சால், 40 இருந்தாலும் ஆளைத் தாங்காது. துளைக்கேக்க வாற தூள் காய்ஞ்ச பொடியாக இல்லாமல் குச்சி குச்சியாக, சளசளத்து வந்தால் அண்டைக்கே திரும்புங்கோ.

அலவாங்கு ஒண்டு கையில் வேணும். ஒவ்வொரு சில அடிக்கும் முன்னுக்கு ஓங்கிக் குத்துங்கோ. ரெண்டு குத்தில் தண்ணி வந்தால் வந்த வழியே திரும்புங்கோ. மேலே நிண்ட தண்ணி திடீரெண்டு வடிஞ்சு போயிருந்தாலும் கவனம், ஐஸுக்குள்ளால் வழி திறந்திட்டுது எண்டு அர்த்தம். ஹொலண்ட் ஆறு, மஸ்கினொஞ்ச் ஆறு விழுகிற பக்கமும், குமிழ் விடுற இயந்திரம் பூட்டின படகுத்துறையளும் முழு மாரியுமே மெல்லிய ஐஸ்தான். காத்து மாறினால் அழுத்த வெடிப்பும் (ஐஸ் தட்டுகள் ஒண்டையொண்டு தள்ளுறதால் வாற பிளவு) திறக்கும். காலையில் கடந்த வெடிப்பைப் பின்னேரம் அதே இடத்தில் கடக்கலாம் எண்டு நினைக்காதேங்கோ.

மிதக்கிற உடுப்பு, கழுத்தில் ஐஸ் குத்தி (ஐஸைக் குத்திப் பிடிக்கிற கூரான கைபிடி) ரெண்டு, 15 மீற்றர்க் கயிறு. தனியப் போகவேண்டாம். விழுந்தால் வந்த திசைக்கே திரும்பி, குத்தியால் பிடிச்சு, காலை உதைச்சு மேலே வந்து, எழும்பாமல் உருண்டு போங்கோ.

பதில் (தங்கூசி)

ரென்ற்றுக்குள் புரொப்பேன் அடுப்பு வைச்சால் கீழே ஒண்டு, மேலே ஒண்டு, ரெண்டு காத்து வழியும் திறந்திருக்க வேணும். நிரந்தரக் குடில் வைச்சிருக்கிறவை மார்ச் 15க்குள் சிம்கோவிலிருந்து எடுக்க வேணும். ஆளுக்கு ரெண்டு தூண்டில், ரெண்டும் 60 மீற்றருக்குள் கண்ணில் தெரிய வேணும். பேர்ச் பிடிச்சு வைச்சிருக்கக்கூடிய எண்ணிக்கை: விளையாட்டு மீன்பிடி உரிமத்துக்கு (sport) 50, குறைஞ்ச அளவு மட்டும் பிடிக்க விடுற பாதுகாப்பு உரிமத்துக்கு (conservation) 25. உயிர்மீன் இரை மிஞ்சினால் வாளித் தண்ணியோடு ஏரிக்குள் ஊத்தக்கூடாது, கரையிலிருந்து 30 மீற்றருக்குள்ளும் ஊத்தக்கூடாது.

ஐஸ் போன பிறகு ஏப்ரலில் அதே பேர்ச் முட்டையிட ஆழம் குறைஞ்ச கரைக்கு வரும். அப்ப முதல் துளைச்ச 3 மீற்றர் இடத்துக்கு உள்பக்கமாக, 1 தொடக்கம் 2 மீற்றரில் பழைய களைத்தண்டு நிக்கிற இடத்தைப் பாருங்கோ.