38 மாணவர்கள், 20 டேப்லெட்: குழு வேலைக்கு எந்தச் செயலியைத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி | ஒன்பதாம்_வகுப்பு

வணக்கம். ஒன்பதாம் வகுப்பு அறிவியல். 38 பேர், 20 டேப்லெட், ஒரே வைஃபை ரவுட்டர், 20 எம்பிபிஎஸ் (நொடிக்கு 20 மெகாபிட்) இணைய இணைப்பு, 40 நிமிடப் பாடவேளை. நான்கு வார ஆய்வு ஒன்றை மாணவர்கள் குழுவாகச் செய்து, குழுவுக்கு ஓர் அறிக்கை எழுதித் தர வேண்டும். பாடத்தின் நடுவே எல்லாருக்கும் புரிந்ததா என்று சட்டென்று பார்க்கவும் ஒரு வழி வேண்டும். வகுப்பு வேலையை இணையத்தில் கொடுத்து வாங்கும் தளங்களான கூகுள் கிளாஸ்ரூம், மூடுல் இரண்டும் இருக்கின்றன. பேட்லெட் என்ற இணைய ஒட்டுப்பலகை, வினாடி வினா, வெண்பலகை என்று பரிந்துரைகள் நீண்டுகொண்டே போகின்றன. எதை வைத்து முடிவு செய்வது? எழுதுவது முழுக்கத் தமிழில்.

பதில் 1 | கரும்பலகை

செயலிகளின் பட்டியலை ஒதுக்கிவிட்டு, மாணவர்கள் செய்யப்போகும் வேலையை வினைச்சொல்லாக எழுதிப் பாருங்கள். சேர்ந்து எழுதுவது, கேள்விக்கு விடை காட்டுவது. அவ்வளவுதான். புதிதாகச் சேர்க்கும் ஒவ்வொரு செயலியும் முதல் வகுப்பில் கடவுச்சொல், உள்நுழைவு என்றே கால் மணி நேரத்தை விழுங்கிவிடும். அதனால் எழுத கூகுள் டாக்ஸ், அதைக் கொடுத்து வாங்க கிளாஸ்ரூம், இரண்டே போதும்.

கோப்பை எப்படிப் பிரிக்கிறீர்கள் என்பதில்தான் பாதி வெற்றி. டாக்ஸ் ஒரே கோப்பில் 100 சாதனங்கள் வரை தாங்கும். ஆனாலும் 38 பேரையும் ஒரே கோப்பில் விடாதீர்கள். மேலே ஒருவர் என்டர் தட்டினால் கீழே எழுதுபவரின் வரி நகர்ந்துகொண்டே இருக்கும். மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து அழிக்க ஒரு விரல் தவறினால் போதும். நால்வர் குழு எட்டு, மூவர் குழு இரண்டு என்று பிரித்தால் 10 குழு, குழுவுக்கு இரண்டு டேப்லெட். உங்கள் கணக்குக்குச் சரியாக வருகிறது.

கிளாஸ்ரூமில் கோப்பை இணைக்கும்போது மூன்று தெரிவுகள் வரும்: மாணவர் பார்க்கலாம், மாணவர் திருத்தலாம், ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதி. பலரும் மூன்றாவதை அழுத்திவிட்டு, ஒரு குழுவுக்கு நான்கு கோப்புகள் ஏன் வந்தன என்று குழம்புகிறார்கள். குழு வேலைக்கு மாதிரிக் கோப்பை நீங்களே 10 பிரதி எடுங்கள். குழு எண்ணைப் பெயராக வையுங்கள். குழுவுக்கு ஒரு பணி உருவாக்கி, அந்தக் குழுவினருக்கு மட்டும் ஒதுக்கி, 'திருத்தலாம்' என்று இணையுங்கள். பத்து முறை செய்ய வேண்டும்தான், ஆனால் நான்கு வாரத்துக்கு ஒரே தடவை. (தனித்தனி வேலைக்கு மூன்றாவது தெரிவுதான் சரி. அதைப் பணியை வெளியிடும் முன்பே தேர்ந்தெடுத்துவிடுங்கள், பிறகு அதற்கு மாற்ற முடியாது.)

'இணைப்பு உள்ள எவரும் திருத்தலாம்' என்று மட்டும் வைத்துவிடாதீர்கள். உள்நுழையாமல் வருபவர் ஏதோ ஒரு விலங்கின் பெயரில்தான் தெரிவார். யார் எழுதினார், யார் அழித்தார் என்று பிறகு கண்டுபிடிக்க வழியே இல்லை.

ஏதாவது அழிந்துபோனால், டாக்ஸ் தானாகவே சேமித்துவைக்கும் பதிப்பு வரலாற்றில் பழையது இருக்கும். ஆனால் அங்கே 'மீட்டெடு' என்பதை அவசரமாக அழுத்த வேண்டாம். கோப்பு முழுவதும் பின்னோக்கிப் போகும், அதற்குப் பிறகு மற்றவர்கள் எழுதியதும் சேர்ந்து மறையும். பழைய பதிப்பைத் தனிப் பிரதியாக எடுத்து, தொலைந்த பத்தியை மட்டும் அதிலிருந்து கொண்டுவந்து ஒட்டுங்கள். ஒவ்வொரு வார முடிவிலும் அன்றைய பதிப்புக்கு 'முதல் வாரம்', 'இரண்டாம் வாரம்' என்று பெயர் கொடுத்துவிட்டால் தேடும் வேலை மிச்சம்.

ஒன்றை மறக்க வேண்டாம். இருவர் ஒரு டேப்லெட்டில் உட்கார்ந்தால் வரலாற்றில் உள்நுழைந்தவர் பெயர் மட்டுமே பதியும். பக்கத்தில் உட்கார்ந்து யோசித்துச் சொன்ன பிள்ளை ஒன்றுமே செய்யாததுபோல் தெரியும். அதை வைத்து மதிப்பெண் போட்டால் அநியாயம். கோப்பின் தலையில் பெயர், தேதி, இன்று செய்தது என்று மூன்று நெடுவரிசை கொண்ட அட்டவணை வையுங்கள். பாடவேளையின் பாதியில் தட்டச்சு செய்பவர் மாறட்டும்.

விடை காட்ட பிளிக்கர்ஸ் என்ற செயலியைப் பாருங்கள். மாணவருக்குச் சாதனமே தேவையில்லை. ஆளுக்கொரு எண்ணிட்ட காகித அட்டை. அதன் நான்கு பக்கமும் நான்கு விடைகள். விடைக்குரிய பக்கம் மேலே வரும்படி பிடித்தால், உங்கள் கைபேசியின் கேமரா எல்லா அட்டைகளையும் படித்துவிடும். விடை எழுத்து சிறியதாக இருப்பதால் பக்கத்தில் பார்த்து மாற்றிப் பிடிப்பதும் குறைவு. அட்டையைப் பளபளப்பாக லேமினேட் செய்தால் விளக்கொளி பட்டு கேமரா படிக்காது. விரல் கறுப்புப் பகுதியை மறைத்தாலும் படிக்காது, ஓரத்தைப் பிடிக்கப் பழக்குங்கள்.

பதில் 2 | சிக்னல்_கோபுரம்

செயலி சரி, ரவுட்டரைப் பற்றியும் யோசியுங்கள். டாக்ஸில் எழுத்து மட்டும் போனால் 20 டேப்லெட்டுக்கு இந்த இணைப்பு தாராளம். திணறுவது காணொளியில். 100 எம்பி காணொளியை 20 பேரும் தனித்தனியாகத் திறந்தால் 2 ஜிபி, அதாவது 16,000 மெகாபிட். 20 எம்பிபிஎஸ் முழு வேகத்தில் ஓடினாலும் 13 நிமிடத்துக்கு மேல் ஆகும். அதை ஒரே தடவை புரொஜெக்டரில் காட்டிவிடுங்கள்.

ஒரு வாரம் அணைந்து கிடந்த டேப்லெட்டுகளை வகுப்பில் திறந்தால் எல்லாமும் ஒரே நேரத்தில் புதுப்பிப்புகளை இறக்க ஆரம்பிக்கும். 'செயலி வேலை செய்யவில்லை' என்ற புகாரில் பாதி இதுதான். முந்தைய நாள் மாலையே சார்ஜில் போட்டு, வைஃபையில் இணைத்து விட்டுவிடுங்கள். ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசை இருந்தால் டேப்லெட்டுகளை அதில் சேருங்கள். 2.4 மட்டும் என்றால் சேனல் 1, 6, 11 இவற்றில் பக்கத்து அறை பயன்படுத்தாத ஒன்றை வையுங்கள், மற்றவை ஒன்றின் மேல் ஒன்று படியும்.

பதில் 3 | எழுத்துரு

தமிழில் எழுதுவது என்பதால் இரண்டு விஷயம்.

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய வினாத்தாளை அப்படியே கோப்பில் ஒட்டினால் டேப்லெட்டில் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். முதலில் எல்லாச் சாதனங்களும் படிக்கும் பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றிய பிறகு ஒரு முறை கண்ணால் படியுங்கள், ஒற்றைக்கொம்பு இடம் மாறியிருக்கலாம்.

இரண்டாவது, கூகுளின் வினாப் படிவமான ஃபார்ம்ஸ். தானாகத் திருத்தும் வினாவில் குறுவிடையைத் தமிழில் எழுதச் சொல்லாதீர்கள். 'ஔ' என்பதை ஒரே எழுத்தாகவும் தட்டலாம், ஒகரத்துக்குப் பின் ளகரம் வைத்தும் தட்டலாம். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும், கணினிக்கு வேறு வேறு. 'கொ' போன்ற ஒகர வரிசைக்கும் அதே கதி: கொம்பும் காலும் ஒரே குறியீடாக வரும், அல்லது பிரிந்து இரண்டாக வரும். சரியாக எழுதிய பிள்ளைக்குத் தவறு விழும்போது அதன் முகத்தை நாம்தான் பார்க்க வேண்டியிருக்கும். தானாகத் திருத்த வேண்டுமென்றால் தெரிவு வினா, எழுத வேண்டுமென்றால் நீங்களே திருத்துவது.

ஒன்பதாம்_வகுப்பு

மிக்க நன்றி. 10 குழு கணக்கு அருமையாகப் பொருந்துகிறது. இன்னும் ஒன்று: மூன்றாம் வாரத்தில் ஒரு குழுவின் வரைவை இன்னொரு குழு படித்துக் கருத்துச் சொல்ல வேண்டும். மூடுலில் 'வொர்க்‌ஷாப்' என்று, ஒருவர் வேலையை மற்றவர் மதிப்பிடும் பகுதி ஒன்று இருக்கிறதே, அதற்கு மாறலாமா? குழு எண்ணங்களை ஒட்ட வெண்பலகைச் செயலி ஏதாவது தேவைப்படுமா?

பதில் 4 | கரும்பலகை

வொர்க்‌ஷாப் நல்ல கருவி, ஆனால் அது தனி மாணவர் சமர்ப்பிப்புக்காகக் கட்டப்பட்டது. குழுவாகச் சமர்ப்பிக்கும் வசதி அதில் இல்லை. ஐந்து கட்டங்கள் உண்டு: அமைப்பு, சமர்ப்பிப்பு, மதிப்பீடு, மதிப்பெண் கணிப்பு, நிறைவு. ஆசிரியர் அடுத்த கட்டத்துக்கு நகர்த்த மறந்தால் மாணவர் திரையில் ஒன்றும் வராது. பிறகொரு நாள் தனி அறிக்கை எழுதவைக்கும்போது எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது டாக்ஸிலேயே முடித்துவிடலாம். குழு 1-இன் கோப்பில் குழு 2-க்குக் 'கருத்திடலாம்' அனுமதி, 2-இல் 3-க்கு, இப்படியே போய் 10-இல் 1-க்கு. 'திருத்தலாம்' வேண்டாம், நல்லெண்ணத்திலேயே மாற்றி எழுதிவிடுவார்கள். ஆளுக்கு இரண்டு கருத்து: ஆதாரம் இல்லாமல் சொல்லப்பட்ட ஒரு வாக்கியம், புரியாத ஒரு படமோ அட்டவணையோ. 'நன்றாக உள்ளது' என்பது கணக்கில் வராது என்று முன்பே சொல்லிவிடுங்கள். கருத்திடும் நாள் முடிந்ததும் அனுமதியை எடுத்துவிடுங்கள்.

வெண்பலகைக்கு இப்போது காகிதமே போதும், எழுதி முடித்ததைப் படம் எடுத்துக் கோப்பில் சேர்க்கலாம். செயலிதான் வேண்டும் என்றால், உள்ளே போட்டதை வெளியே எடுக்க முடிகிறதா என்று முதல் நாளே பாருங்கள். கூகுளின் வெண்பலகைச் செயலியான ஜாம்போர்டு 2024 டிசம்பர் 31-உடன் நின்றுபோனது. பலகையைப் பிடிஎஃப் ஆக இறக்கி வைத்தவர்களுக்குக் கவலை இருக்கவில்லை.

பதில் 5 | சிக்னல்_கோபுரம்

அந்தப் படங்களைப் பற்றி ஒரு சொல். டேப்லெட் கேமராவில் எடுத்த படம் ஒவ்வொன்றும் பல எம்பி இருக்கும். குழுவுக்கு 15 படம் ஒட்டினால் கோப்பு திறக்கவே நேரமாகும். கேமரா அமைப்பில் தெளிவுத்திறனைக் குறைத்துவிட்டு எடுக்கச் சொல்லுங்கள், கையெழுத்து படிக்கிற அளவு தெளிவு இருந்தால் போதும். மாணவர் முகம் படத்தில் விழாமல் காகிதத்தை மட்டும் எடுக்கட்டும்.