இரும்பைப் பறிக்கும் பாக்டீரியாக்கள்: அந்த ஏற்பிகளைக் குறிவைத்த தடுப்பூசி ஏன் இன்னும் வரவில்லை?

தேன்சிட்டு (கேள்வி)

நான் நுண்ணுயிரியல் முதுநிலை இறுதியாண்டு மாணவி. நோய் உண்டாக்கும் பாக்டீரியாக்கள் நம் உடலிலிருந்து இரும்பைப் பெறும் வழிகளைப் பற்றி வகுப்பில் உரையாற்ற வேண்டியிருக்கிறது. படிக்கப் படிக்க ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறேன்.

நான் புரிந்துகொண்டது இதுதான். வளர்ந்த ஒருவரின் உடலில் 3 முதல் 4 கிராம் வரை இரும்பு இருக்கிறது. அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சிவப்பணுக்களின் ஹீமோகுளோபினுக்குள் அடைபட்டிருக்கிறது. சேமிப்பு ஃபெரிட்டின் என்னும் புரதத்தில் இருக்கிறது. இரத்தத்தில் சுற்றிவரும் மிகச் சிறு பகுதியும் டிரான்ஸ்ஃபெரின் என்னும் கடத்துப் புரதத்தின் பிடியை விட்டு நகர்வதில்லை. தொற்று ஏற்பட்டதும் கல்லீரல் ஹெப்சிடின் என்னும் ஹார்மோனைச் சுரந்து, குடல் செல்களிலிருந்தும் மாக்ரோஃபேஜ் என்னும் விழுங்கணுக்களிலிருந்தும் இரும்பு வெளியேறும் வாசலையே அடைத்துவிடுகிறது. ஆனால் இரும்பு இல்லாமல் பெரும்பாலான பாக்டீரியாக்களால் பெருகவே முடியாது என்பதால், அதை உள்ளிழுக்கும் ஏற்பிகளை அவை செல்லின் வெளிப்பரப்பில் நீட்டி வைத்துத்தான் ஆக வேண்டும்.

அப்படியானால் தடுப்பூசிக்கு இதைவிட நல்ல இலக்கு ஏது? ஏற்பியைக் கைவிட்டால் பாக்டீரியா பட்டினி கிடக்கும். கைவிடாவிட்டால் எதிர்ப்பொருளிடம் சிக்கும். இவ்வளவு தெளிவாகத் தெரியும் இலக்கை முதன்மையாகக் கொண்ட ஒரு தடுப்பூசிகூட மனிதர்களுக்குப் பயன்பாட்டில் இல்லாதது ஏன்? ஸ்டஃபைலோகாக்கஸுக்கு எதிரான வி710 தடுப்பூசி தோற்றதோடு இந்த எண்ணமே கைவிடப்பட்டுவிட்டதா?

நீலத்தட்டு

கைவிடப்படவில்லை. ஆனால் உங்கள் வாதத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது: பாக்டீரியாவுக்கு இரும்பு இன்றியமையாதது என்பதால், இரும்பைக் கொண்டுவரும் ஒவ்வொரு ஏற்பியும் இன்றியமையாதது ஆகிவிடாது. ஒரு வீட்டுக்கு ஐந்து வாசல்கள் இருக்கும்போது ஒன்றைப் பூட்டிவிட்டுக் காவல் காப்பதில் என்ன பயன்?

பற்றாக்குறை எவ்வளவு கடுமையானது என்பதை முதலில் பார்த்துவிடலாம். இரத்த ஊநீரில் எதனோடும் பிணையாத இரும்பின் செறிவு லிட்டருக்கு சுமார் 10⁻²⁴ மோல் என்று கணக்கிடப்படுகிறது. அவகாட்ரோ எண்ணால் பெருக்கிப் பாருங்கள், லிட்டருக்கு ஓர் அணுகூட முழுதாகத் தேறாது. பாக்டீரியா வளர்வதற்கோ 10⁻⁶ முதல் 10⁻⁷ மோல் வரை தேவைப்படுகிறது. 1944இல் ஷேட், கரோலின் ஆகிய இருவரும், பச்சை முட்டையின் வெள்ளைக்கரு பாக்டீரியா வளர்ச்சியைத் தடுக்கிறது என்றும், இரும்பைச் சேர்த்தால் அந்தத் தடை நீங்கிவிடுகிறது என்றும் காட்டினார்கள். 1946இல் மனித ஊநீரிலும் இரும்பைப் பிணைக்கும் ஒரு கூறு இருப்பதைக் கண்டார்கள். இன்று நாம் டிரான்ஸ்ஃபெரின் என்று அழைப்பது அதைத்தான்.

இந்தப் பூட்டை உடைக்கப் பாக்டீரியாக்கள் முக்கியமாக மூன்று வழிகளைக் கையாள்கின்றன. சிடரோஃபோர் என்னும் சிறு மூலக்கூறுகளை வெளியே அனுப்பி இரும்பைக் கவ்விக்கொண்டுவரச் செய்வது முதல் வழி. டிரான்ஸ்ஃபெரினையோ அதன் உறவுப் புரதமான லாக்டோஃபெரினையோ நேரடியாகப் பிடித்து இரும்பைப் பிடுங்குவது இரண்டாவது. ஹீமோகுளோபினிலிருந்து, இரும்பைத் தாங்கிய ஹீம் என்னும் பகுதியை உருவி எடுப்பது மூன்றாவது. இ. கோலை சுரக்கும் என்டரோபாக்டின் என்னும் சிடரோஃபோர் இரும்பைப் பற்றும் வலிமையைக் குறிக்கும் நிலைப்பு மாறிலி ஏறக்குறைய 10⁴⁹ ஆகும். இதற்கு நம் உடலிடமும் பதில் உண்டு: வெள்ளையணுக்கள் லிப்போகாலின்-2 என்னும் புரதத்தைச் சுரந்து, என்டரோபாக்டினை இரும்போடு சேர்த்து விழுங்கிக்கொள்கின்றன. சால்மொனெல்லா அதற்கும் ஒரு மாற்று வைத்திருக்கிறது. என்டரோபாக்டின் மீது குளுக்கோஸ் துண்டுகளை ஒட்டிவிட்டால் அந்த மூலக்கூறு லிப்போகாலினின் குழிக்குள் பொருந்தாது. சிறுநீர்ப்பாதையில் தொற்றை உண்டாக்கும் இ. கோலை திரிபுகளில் பல, இந்த இரண்டோடு ஏரோபாக்டின், எர்சினியாபாக்டின் ஆகிய சிடரோஃபோர்களையும் சுரந்து, போதாததற்கு ஹீம் ஏற்பிகளையும் வைத்திருக்கின்றன. வாசல்கள் என்று நான் சொன்னது இவற்றைத்தான்.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால், 1987இல் ஷ்வின், நீலாண்ட்ஸ் ஆகியோர் வடிவமைத்த குரோம் அசூரால் எஸ் என்னும் சாயம் கலந்த தட்டில் ஒரு புள்ளி பாக்டீரியாவை வைத்து மறுநாள் எடுத்துப் பாருங்கள். தட்டு முழுவதும் ஆழ்ந்த நீலமாக இருக்க, காலனியைச் சுற்றி மட்டும் ஆரஞ்சு வளையம் ஒன்று படர்ந்திருக்கும்; சாயத்தின் பிடியிலிருந்த இரும்பை சிடரோஃபோர் கழற்றிக்கொண்டு போன இடம் அது. என் புனைபெயரும் அந்தத் தட்டிலிருந்து வந்ததுதான்.

தடுப்பூசியோடு நேரடியாகத் தொடர்புள்ள இன்னொரு செய்தி. இந்த ஏற்பிகளில் பெரும்பாலானவை ஃபர் என்னும் ஒடுக்கிப் புரதத்தின் கட்டுப்பாட்டில் இருப்பதால், இரும்பு தாராளமாகக் கிடைக்கும் ஊடகத்தில் அவை தலைகாட்டுவதே இல்லை. ஆய்வகத்துக்குப் புதிதாக வந்த காலத்தில், வழக்கமான சத்தான குழம்பில் வளர்த்த செல்களிலிருந்து புறச்சவ்வைப் பிரித்து, எதிர்பார்த்த ஏற்பிப் புரதத்தின் பட்டை ஜெல்லில் தெரியவில்லையே என்று இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். டைபிரிடில் சேர்த்து இரும்பைக் கட்டிப்போட்ட பிறகும் பட்டை மங்கலாகத்தான் வந்தது; கண்ணாடிக் குடுவைகளை அமிலத்தால் கழுவாததால் அவற்றில் ஒட்டியிருந்த இரும்பே காரணம் என்று பிறகு தெரிந்தது. ஆகவே செழிப்பான ஊடகத்தில் வளர்த்த முழுச் செல்லைக் கொன்று தடுப்பூசியாக்கினால், உடலுக்குள் அந்தக் கிருமி அணிந்திருக்கும் உடையை நோயெதிர்ப்பு மண்டலத்துக்குக் காட்டாமலேயே விட்டுவிடுகிறோம். டிஃப்தீரியா தடுப்பூசி தயாரிப்பவர்கள் இதன் மறுபக்கத்தை நெடுங்காலமாக அறிவார்கள்: ஊடகத்தில் இரும்பு குறைந்தால்தான் அந்தப் பாக்டீரியா நச்சை மிகுதியாகச் சுரக்கும் என்பது 1936இலேயே காட்டப்பட்டுவிட்டது.

இரவுப்பணி

நான் மருத்துவமனையில் தொற்றுநோய்ப் பிரிவில் பணிபுரிகிறேன். வி710 பற்றி ஒருவர் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். ஏனெனில் அது வெறுமனே பலனளிக்காமல் போன தடுப்பூசி அன்று.

ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸின் செல்சுவரில் பதிந்திருக்கும் ஐ.எஸ்.டி.பி. என்னும் புரதம் ஹீமோகுளோபினைப் பிடித்து ஹீமை உருவுகிறது. அதையே ஆன்டிஜெனாக, அதாவது நோயெதிர்ப்பைத் தூண்டும் பொருளாகக் கொண்டு மெர்க் நிறுவனம் உருவாக்கிய வி710, இதயம் அல்லது நெஞ்சறை அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்த ஏறக்குறைய 8,000 பேரிடம் சோதிக்கப்பட்டது. எதிர்ப்பொருள்கள் நன்றாகவே உயர்ந்தன. ஆனால் தொற்று குறையவில்லை, சோதனை 2011இல் நிறுத்தப்பட்டது. 2013இல் வெளியான முடிவுகளில் ஒரு வரியை இன்றும் என்னால் சாதாரணமாகக் கடந்து போக முடியவில்லை. தடுப்பூசி பெற்ற பின்னும் ஸ்டஃபைலோகாக்கஸ் தொற்றுக்கு உள்ளானவர்களில் இறப்பு விகிதம் 100 நபர்-ஆண்டுகளுக்கு (ஒருவரை ஓராண்டு கண்காணிப்பது ஒரு நபர்-ஆண்டு) 23.0, மருந்தில்லா ஊசி பெற்றுத் தொற்றுக்கு உள்ளானவர்களில் அது 4.2.

விலங்குகளில் பாதுகாப்பளித்தது மனிதரில் ஏன் பொய்த்தது என்பதற்கு, எனக்கு மிகவும் ஏற்புடையதாகத் தோன்றும் விளக்கம் 2022இல் வந்தது. ஆய்வகச் சுண்டெலி ஸ்டஃபைலோகாக்கஸை முன்பின் அறியாதது. நாமோ குழந்தைப் பருவத்திலிருந்தே அதை மூக்கில் சுமந்து திரிகிறோம். முன்பே அந்தக் கிருமியைச் சந்தித்த சுண்டெலிகளுக்கு ஐ.எஸ்.டி.பி. தடுப்பூசியைச் செலுத்தியபோது, புதிய எதிர்ப்பொருள்கள் உருவாவதற்குப் பதிலாக, பயனற்ற பழைய எதிர்ப்பொருள்களே மீண்டும் பெருகின. ஹீமைப் பிடிக்கும் பகுதியை மட்டும் தனியே எடுத்துச் செலுத்தியபோது பாதுகாப்பு திரும்பியது. இதோடு, ஸ்டஃபைலோகாக்கஸ் சுண்டெலியின் ஹீமோகுளோபினைவிட மனித ஹீமோகுளோபினையே சிறப்பாகப் பற்றும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சுண்டெலி மாதிரி எத்தனை இடங்களில் நம்மை ஏமாற்றக்கூடும் என்பது விளங்கும்.

இரும்பு எவ்வளவு தூரம் நோயின் போக்கையே தீர்மானிக்கும் என்பதற்கு இரண்டு சான்றுகள். இரும்பு மிகைக்காகத் தரப்படும் டெஃபெராக்ஸமின் என்னும் மருந்தே ஸ்ட்ரெப்டோமைசிஸ் சுரக்கும் ஒரு சிடரோஃபோர்தான். அதைப் பெறும் நோயாளிகளில் எர்சினியா என்டரோகோலிட்டிகா தொற்று தீவிரமடைவதைக் காண்கிறோம், ஏனெனில் அந்தப் பாக்டீரியா இரவல் சிடரோஃபோரையும் உள்ளிழுக்கும். மற்றொன்று, 2009இல் அமெரிக்காவில் ஆய்வாளர் ஒருவர், எர்சினியாபாக்டின் மரபணுக்கள் நீக்கப்பட்டு வலுவிழந்திருந்த பிளேக் திரிபால் இறந்தார். அவருக்கு உடலில் இரும்பு மிகையாகச் சேரும் மரபுவழிக் குறைபாடு இருந்தது பிறகுதான் தெரியவந்தது. திரிபு இழந்திருந்த கருவியை அவருடைய உடலின் இரும்பே ஈடுசெய்திருக்கலாம் என்று கருதப்படுகிறது.

தேன்சிட்டு

இருவருக்கும் மிக்க நன்றி. வி710 பற்றி 'பலனளிக்கவில்லை' என்ற அளவில்தான் குறிப்பு எடுத்திருந்தேன், திருத்திக்கொள்கிறேன். அப்படியானால், ஒரே வாசல் மட்டும் உள்ள கிருமி ஏதேனும் உண்டா? அங்கேயாவது என் வாதம் செல்லுமா? இன்னொரு கேள்வியும் உண்டு: சிடரோஃபோரையே தடுப்பூசியாக்க முடியாதா, அல்லது அது நோயெதிர்ப்பு மண்டலத்தின் கண்ணில் படாத அளவுக்குச் சிறியதா?

பீட்டாபீப்பாய்

முதல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். புறச்சவ்வுப் புரதங்களின் கட்டமைப்பே என் வேலை.

நீங்கள் தேடும் கிருமிக்கு மிக அருகில் வருவது நைசீரியா. மூளைச்சவ்வு அழற்சியை உண்டாக்கும் மெனிங்கோகாக்கஸும், மேகவெட்டையை உண்டாக்கும் கோனோகாக்கஸும் சொந்தமாக சிடரோஃபோர் தயாரிப்பதில்லை. அவை மனித டிரான்ஸ்ஃபெரினை நேரடியாகப் பிடிக்கின்றன, அதற்கு இரண்டு புரதங்கள் துணை. இரும்பு ஏறிய டிரான்ஸ்ஃபெரினை மட்டும் தேர்ந்தெடுத்துப் பிடிக்கும் 'பி' புரதம் சவ்விலிருந்து கைபோல் வெளியே நீண்டிருக்கும். 'ஏ' புரதம் சவ்வுக்குள் பதிந்த பீப்பாய். அதன் நடுவில் ஓர் அடைப்பு உண்டு. டிரான்ஸ்ஃபெரினின் இரு மடல்களில் ஒன்றை 'ஏ' நெகிழ்த்தி இரும்பை வெளியே விழச்செய்ய, உட்சவ்விலிருந்து டான்பி புரதம் தரும் ஆற்றலால் அது உள்ளே போகிறது. 2012இல் இந்தக் கட்டமைப்பு வெளியானபோது, இரும்பு கீழே நழுவாமல் இருக்க மூன்று புரதங்களும் சேர்ந்து ஒரு மூடிய அறையைப் போல் அமைந்திருந்ததை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மனிதக் குரங்கினங்களின் டிரான்ஸ்ஃபெரினில் வேகமாக மாறிவந்த இடங்கள், 'ஏ' புரதம் தொடும் இடங்களோடு பொருந்துகின்றன என்பது 2014இல் தெரியவந்தது. இந்த இழுபறி நம் இனத்தைவிடப் பழையது.

1998இல் வெளியான ஆய்வொன்றில், டிரான்ஸ்ஃபெரின் ஏற்பி நீக்கப்பட்ட கோனோகாக்கஸ் திரிபை ஆண் தன்னார்வலர்களிடம் செலுத்தியபோது நோய் உண்டாகவில்லை. அந்தத் திரிபில் லாக்டோஃபெரின் ஏற்பியும் இயல்பாகவே இல்லை என்பதைக் குறிப்பிட்டாக வேண்டும். வாசல் ஒன்றேதான் என்று நிறுவ அது உதவினாலும், எல்லாத் திரிபுகளுக்கும் அப்படியே பொருத்திவிட முடியாது. இருந்தாலும் உங்கள் வாதம் மிக வலுவாக நிற்கும் இடம் இதுதான் என்பது என் கருத்து.

சிக்கல்கள் இங்கும் உண்டு. எளிதில் தயாரிக்கத்தக்கதும் நல்ல எதிர்ப்பொருளைத் தூண்டுவதுமான 'பி', திரிபுக்குத் திரிபு மாறுகிறது. அதிகம் மாறாத 'ஏ'யோ சவ்வை விட்டு வெளியே எடுத்தால் கரையாமல் திரண்டுபோகிறது. 'ஏ'யின் வெளிவளையங்களை மட்டும் வெட்டி, 'பி'யின் ஒரு பகுதியின் மீது ஒட்டிப் பார்க்கிறார்கள். இதைவிட நுட்பமான தடை ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. தடுப்பூசியாகச் செலுத்திய 'பி' உடலில் நுழைந்த கணமே நம் டிரான்ஸ்ஃபெரின் அதன்மேல் ஏறி அமர்ந்துகொள்வதால், நாம் எதிர்ப்பொருளைத் தூண்ட விரும்பிய பகுதியே மறைந்துபோகிறது. பன்றிகளைத் தாக்கும் ஒரு பாக்டீரியாவின் 'பி' புரதத்தில் ஒரே ஒரு அமினோ அமிலத்தை மாற்றி, டிரான்ஸ்ஃபெரினைப் பிடிக்க முடியாமல் செய்து பன்றிகளுக்குச் செலுத்தினார்கள். இயல்பான புரதத்தைவிட அந்த முடமாக்கப்பட்ட புரதமே நல்ல பாதுகாப்பளித்தது. சுண்டெலியில் சோதித்திருந்தால் இந்த வேறுபாடு வெளியே தெரிந்திருக்காது, ஏனெனில் அந்தப் புரதத்துக்குச் சுண்டெலியின் டிரான்ஸ்ஃபெரின் பிடிபடாது.

நீலத்தட்டு

இரண்டாவது கேள்விக்குச் சுருக்கமாக. சிடரோஃபோர் தனியாகச் சென்றால் எதிர்ப்பொருளைத் தூண்டாது என்று நீங்கள் ஐயுற்றது சரியே. அதனால் அதை ஒரு பெரிய புரதத்தோடு பிணைத்துச் செலுத்துகிறார்கள். 2016இல் இரு குழுக்கள் இதைச் செய்து காட்டின. ஒரு குழு எர்சினியாபாக்டினையும் ஏரோபாக்டினையும் பிணைத்துச் சுண்டெலிகளைச் சிறுநீர்ப்பாதைத் தொற்றிலிருந்து காத்தது. மற்றொன்று குளுக்கோஸ் ஒட்டிய என்டரோபாக்டினைக் காலரா நச்சின் தீங்கற்ற துணையலகோடு பிணைத்து, சால்மொனெல்லாவின் பெருக்கத்தைக் குறைத்தது. லிப்போகாலினால் பிடிக்க முடியாததை எதிர்ப்பொருளைக் கொண்டு பிடிப்பது என்ற அந்த எண்ணம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஏற்பிகளைப் பொறுத்தவரை, சுண்டெலிகளில் மூக்கு வழியாகச் செலுத்திய மூன்று இரும்பு ஏற்பிகள் சிறுநீர்ப்பாதைத் தொற்றைக் குறைத்ததாக 2009இல் ஓர் ஆய்வு வந்தது. கால்நடைகளுக்கு சிடரோஃபோர் ஏற்பிகள் அடங்கிய தடுப்பூசி அமெரிக்காவில் பயன்பாட்டுக்கே வந்துவிட்டது.

உரையில் நேரம் மிஞ்சினால், லைம் நோயை உண்டாக்கும் பொரேலியாவுக்கு ஒரு படம் ஒதுக்குங்கள். அது இரும்பையே நம்பியிராமல் மாங்கனீசை வைத்துக் காலம் தள்ளுகிறது. 'இரும்பு இல்லாமல் பெரும்பாலான பாக்டீரியாக்களால் பெருக முடியாது' என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்களே, அந்த 'பெரும்பாலான' என்ற சொல்லை உரையில் விட்டுவிடாதீர்கள்; தேர்வாளர் அங்கேதான் கை உயர்த்துவார்.