தற்கொலைத் தடுப்புப் பயிற்சிக்குச் சிமுலேஷன் விளையாட்டு பயன்படுமா?

கேள்வி:
நான் ஒரு கல்லூரி விடுதியில் காப்பாளராக இருக்கிறேன். எங்களுக்கான மனநலப் பயிற்சியில் இம்முறை விரிவுரைக்குப் பதிலாகச் சிமுலேஷன் விளையாட்டு ஒன்றை வைக்கப் போகிறார்கள். திரையில் ஒரு மாணவர் பேசுவார். நாம் சொல்ல வேண்டியதை நான்கு வாக்கியங்களிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். உயிர் சம்பந்தப்பட்டதை விளையாட்டாக்குவது எனக்கு உறுத்தலாக இருக்கிறது. தற்கொலையைப் பற்றி நாமே கேட்டால் அந்த எண்ணத்தை விதைத்தது போலாகிவிடாதா?

பதில் 1:
நேரடியாகக் கேட்பதால் அந்த எண்ணம் கூடுவதில்லை என்றே இதுவரையான ஆய்வுகள் காட்டுகின்றன. கேட்க நமக்கு வாய் வராததுதான் சிக்கல். நான் ஆடிய விளையாட்டில், "எல்லாம் முடிந்துவிட்டால் நிம்மதி" என்று அந்த மாணவர் சொன்னதும், "அப்படியெல்லாம் பேசாதே, சரியாகிவிடும்" என்ற வாக்கியத்தை அழுத்தினேன். அவர் "சும்மா சொன்னேன்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதன்பின் எதைக் கேட்டாலும் ஒற்றைச் சொல்தான் வந்தது. மறுபடி தொடங்கி, "உயிரை விட்டுவிடலாம் என்று நினைக்கிறாயா?" என்பதைத் தேர்ந்தெடுத்த பிறகே அவர் மனம்விட்டுப் பேசினார். நிஜத்தில் இந்த இரண்டாம் வாய்ப்பு கிடைப்பது அரிது.

பதில் 2:
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆயினும் சரியான வாக்கியத்தைத் திரையில் அடையாளம் காண்பது வேறு, அதை ஒருவரின் முகத்தைப் பார்த்துச் சொல்வது வேறு. ஆடி முடித்ததும் இருவர் இருவராக அமர்ந்து அந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்டுப் பழகுங்கள். இறக்கும் வழிமுறையை விளையாட்டு எங்கேனும் காட்டுகிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். காட்டினால் அது வேண்டாம். பயிற்சிக்கு வருபவர்களிலேயே, நெருங்கிய ஒருவரைத் தற்கொலையில் இழந்தவர்களும், அந்த எண்ணத்தோடு போராடியவர்களும் இருக்கலாம் என்பதால், காரணம் சொல்லாமல் எழுந்து செல்லும் உரிமை அவர்களுக்கு வேண்டும். பக்கத்து அறையில் ஓர் ஆலோசகரும் இருக்க வேண்டும்.

பதில் 3:
பயிற்சியையும் சிகிச்சையையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். நியூசிலாந்தில் ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தினர் உருவாக்கிய 'ஸ்பார்க்ஸ்' என்ற கணினி விளையாட்டு, மனச்சோர்வுள்ள வளரிளம் பருவத்தினருக்கு வழக்கமான சிகிச்சைக்குக் குறையாத பலனைத் தந்ததாக 2012இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. ஆனால் தற்கொலை அபாயம் அதிகமாக இருந்தவர்கள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. அதைக் காட்டி, நெருக்கடியில் இருக்கும் மாணவரிடம் ஒரு விளையாட்டைக் கொடுத்து அனுப்பினால் அது கைகழுவுவதாகும். உங்கள் பயிற்சி காப்பாளர்களுக்கானது. அந்த அளவில் நல்லதே.

கேள்வி கேட்டவர்:
நன்றி. சக காப்பாளர் ஒருவரை எதிரில் உட்காரவைத்து அந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்த்தேன். நடிப்பு என்று தெரிந்திருந்தும் முதல் முறை பாதியிலேயே நின்றுவிட்டது. மூன்றாம் முறைதான் முழுதாக வந்தது.