மாரியில் படுத்த வெற்றிடப் பம்பி: எங்கள் ஆய்வுகூட அனுபவங்கள்

கிளிநொச்சியிலிருந்து, ஆய்வுகூட உத்தியோகத்தர்

இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்திருந்த வாரம் அது. உறைய வைத்து உலர்த்தும் பொறியில் பனங்களி காய்ந்துகொண்டிருந்தது. ஒரு மாணவியின் இறுதியாண்டு ஆய்வு. வழமையாக 0.1 மில்லிபாருக்குக் கீழே இறங்கும் அமுக்கம் அன்று காலை 0.9 இல் நின்றுவிட்டது. பொறியிலிருந்து காற்றை உறிஞ்சும் வெற்றிடப் பம்பியின் ஆயுள் முடிந்துவிட்டது, கொழும்புக்கு அனுப்புங்கள் என்றார்கள். அனுப்பினால் திரும்பிவர எத்தனை மாதமோ. அந்தப் பிள்ளைக்கு அவ்வளவு காலம் இல்லை.

களியை ஆழ்குளிரூட்டிக்கு மாற்றிவிட்டு, பம்பியைத் தனியே கழற்றி, அதன் வாயில் அமுக்கமானியை மட்டும் பொருத்தி ஓடவிட்டேன். எண்ணெய் புதிதாக இருந்தபோது இதே சோதனையில் 0.003 வந்ததாகக் குறிப்பேட்டில் இருந்தது. அன்று 0.5. குறை பம்பிக்குள்தான். ஆனாலும் தேய்மானம் என்று முடிவுகட்ட மனம் ஒப்பவில்லை. எண்ணெய்க் கண்ணாடியைப் பார்த்தேன். தேன் நிறத்தில் இருக்கவேண்டியது மோர்போல வெளுத்திருந்தது. முந்தைய இரவு மின்சாரம் நின்றிருக்கிறது. மறை 50 பாகை செல்சியஸில் நீராவியைப் பனிக்கட்டியாகப் பிடித்துவைத்திருந்த குளிர்ச் சுருளில் இருந்த பனி உருகி, மின்சாரம் திரும்பியதும் அந்த ஈரமெல்லாம் பம்பிக்குள் போயிருக்கிறது.

பம்பி தான் உறிஞ்சிய வாயுவை வளிமண்டல அமுக்கத்துக்குச் சற்று மேலே நெருக்கித்தான் வெளியே தள்ளும். காற்றை எவ்வளவு நெருக்கினாலும் காற்றாகவே போய்விடும். நீராவியோ வெளியேற்றும் வால்வு திறக்குமுன்பே நீராகி எண்ணெயில் கலந்துவிடும். கலந்த நீர் உறிஞ்சும் பக்கத்தில் மறுபடி ஆவியாகும். பம்பி தன் நீரையே சுற்றிச் சுற்றி இறைத்துக்கொண்டிருக்கும். இதற்கு வொல்ஃப்காங் கேடே என்ற ஜெர்மானியர் 1935 இலேயே வழி கண்டார். நெருக்கும் அறைக்குள் கொஞ்சம் வெளிக்காற்றைச் சேர்த்துவிட்டால் வால்வு முந்தித் திறக்கும். நீராவி ஆவியாகவே வெளியேறும். அதற்கான சிறு குமிழ் எங்கள் பம்பியின் தலையிலேயே இருந்தது. ஒருவரும் அதைத் தொட்டதில்லை.

குமிழைத் திறந்து இரண்டு மணிநேரம் ஓடவிட்டேன். புகைக்குழாயை யன்னலுக்கு வெளியே விட்டிருந்தும் எண்ணெய் வாடை கூடமெல்லாம் பரவியது. பிறகு சூட்டோடு எண்ணெயை வடித்து, புதிய எண்ணெயால் ஒருமுறை அலசி, மீண்டும் நிரப்பினேன். சூடேறியபின் குமிழை மூடியதும் முள் 0.004 க்கு இறங்கியது. அதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பொறியோடு பூட்டியபோது இன்னொரு தொல்லை: 0.3 க்குக் கீழே போகவில்லை. பம்பிக்கும் பொறிக்கும் இடையிலுள்ள வால்வை மூடி, அமுக்கம் ஏறுவதை நிமிடத்துக்கு நிமிடம் எழுதினோம். உள்ளே ஈரம் மட்டும் என்றால் ஏற்றம் தணிந்து ஓரிடத்தில் நிற்கும். எங்களுடையது தணியாமல் நேர்கோடாக ஏறியது. கசிவு. கசிவுள்ள இடத்தில் ஆவி உள்ளே புகுந்து முள்ளை அசைக்கும் என்பதால் அசற்றோனை மூட்டுக்கு மூட்டு துளியாக விட்டபோது கதவு வளையத்தருகே முள் துள்ளியது. வளையத்துக்கு அடியில் ஒரு கிரவல் மணல் துகள். கச்சான் காற்று வீசிய நாட்களில் வந்து ஒட்டியிருக்க வேண்டும்.

வவுனியாவிலிருந்து, ஓய்வுபெற்ற தொழினுட்ப உத்தியோகத்தர்

தங்கச்சி, பம்பியைத் தனியே சோதித்தது மிகச் சரி. ஆனால் அசற்றோன் வேண்டாம். கதவு வளையம் நைத்திரைல் இறப்பர் என்றால் உப்பிவிடும். ஐசோபுரொப்பைல் அற்ககோல் போதும். அதுவும் தீப்பற்றும், கவனம். இன்னொன்று: உங்களுடையது பிரானி மானி (வாயு வெப்பத்தைக் கடத்துவதைக் கொண்டு அமுக்கத்தை அளக்கும் மானி) என்றால், அது காற்றுக்கு அளவீடு செய்யப்பட்டது, நீராவி இருக்கும்போது உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும்.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் மின்வெட்டு வந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். அந்த நாட்களில் ஒரு பழைய பம்பி, ஓடிக்கொண்டிருந்தபோதே நின்றது. அதற்குப் பின்னோட்டத் தடுப்பு வால்வு கிடையாது. உள்ளே வெற்றிடம், வெளியே வளிமண்டலம். எண்ணெய் குழாய் வழியே ஏறி வெற்றிட அறைக்குள் கொட்டிவிட்டது. துடைத்து முடிக்க மூன்று நாள். அதன்பிறகு வெட்டு நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே அறை வால்வை மூடி, பம்பியை நிறுத்தி, அதன் வாய்க்குக் காற்று விட்டுவிடுவோம்.

முல்லைத்தீவிலிருந்து, ஆய்வு மாணவி

அக்கா, நான் முதன்முதலில் பம்பியை மட்டும் சோதித்தபோது சிறிது நேரத்தில் உள்ளிருந்து டக் டக் என்று அடிக்கத் தொடங்கியது. உடைகிறது என்று பயந்து மூன்று முறை நிறுத்திவிட்டேன். மெத்தென்று தாங்க வாயு இல்லாமல் எண்ணெயே மோதும் ஓசை அது என்று பிறகுதான் விளங்கியது. நல்ல வெற்றிடத்தின் அடையாளமாம். குமிழைத் திறந்தால் அந்த ஓசை அடங்குகிறது. இப்போது சோதனையில் அது கேட்ட பிறகுதான் மாதிரியை ஏற்றுகிறேன்.