மூன்றாவது எண்ணில் யார்? ஹூஸ்டன் சொந்தங்கள் குழுவில் இரண்டு இரவுகள்

27 ஏப்ரல் 2022, புதன்

சுகர்லேண்ட் மாமா: நாளை இரவு 7 மணிக்கு அமெரிக்கக் கால்பந்து லீக் என்.எஃப்.எல்.லின் டிராஃப்ட். எல்லாரும் நம் வீட்டுக்கு வந்துவிடுங்கள். மூன்றாவது எண் நம் ஹூஸ்டன் அணி டெக்சன்ஸுக்கு. எட்ஜ் ஆளைத்தான் எடுக்க வேண்டும். ஹட்சின்சன் மிஞ்சினால் அவர், இல்லையென்றால் திபடோ.

நான்: ஹட்சின்சன் மூன்று வரை வரமாட்டார் மாமா. முதல் எண்ணில் ஜாக்சன்வில் விட்டாலும் இரண்டாவதில் டெட்ராய்ட் விடாது. மிச்சிகன் பையன், போன சீசனில் 14 சாக். எனக்கு இரவு ஷிஃப்ட், வர முடியாது. என் ஓட்டு கார்னர்பேக்குக்கு.

மதுரை சித்தப்பா: காலை வணக்கம். டிராஃப்ட் என்றால் ஏலமா?

கேட்டி அண்ணா: ஏலம் இல்லை சித்தப்பா. கல்லூரியிலிருந்து வரும் பையன்களை 32 அணிகளும் வரிசையாக எடுக்கும். போன வருடம் மோசமாக ஆடியவர்கள் முன்னால். நாம் 17 ஆட்டத்தில் 4தான் ஜெயித்தோம், அதனால் மூன்றாம் இடம். 7 சுற்று, மொத்தம் 262 பேர்.

மதுரை சித்தப்பா: தோற்றவனுக்கு முதல் பந்தியா, நல்ல வழக்கம். கார்னர் என்றால் நம் கபடி கார்னர் மாதிரியா?

நான்: பெயர்தான் ஒன்று சித்தப்பா. கபடி கார்னர் ரெய்டரின் காலைப் பிடிப்பார். கார்னர்பேக் என்பவர், பந்தைப் பிடிக்க ஓடும் ஆளோடு நிழல் மாதிரி ஓட வேண்டும். அவர் எங்கே திரும்புவார் என்று அவருக்குத்தான் தெரியும், இவருக்குத் தெரியாது. எட்ஜ் வேறு: வரிசையின் ஓரத்திலிருந்து பாய்ந்து, குவார்ட்டர்பேக் பந்தை எறிவதற்குள் மடக்க வேண்டும். மடக்கினால் சாக்.

சுகர்லேண்ட் மாமா: 2006இல் இந்த ஊரே வின்ஸ் யங்கைக் கேட்டது, நம் ஹூஸ்டன் பையன். இல்லையென்றால் ரெஜி புஷ். அணி எட்ஜ் ஆள் மேரியோ வில்லியம்ஸை எடுத்தது. எனக்கும் அன்று வயிறு எரிந்தது. 2011இல் 11ஆவது எண்ணில் ஜே.ஜே. வாட்டை எடுத்தபோது நம் ரசிகர்களே கூச்சல் போட்டார்கள். மறு வருடம் அவர் 20.5 சாக் எடுத்தார். மூன்று முறை லீகின் சிறந்த தடுப்பாட்டக்காரர். என்னிடம் இருக்கும் அவருடைய 99ஆம் எண் ஜெர்சியில் இரண்டாவது 9இன் ஓரம் உரிந்துவிட்டது, இன்னும் கையால்தான் துவைக்கிறேன். எட்ஜில் ஒரு நல்ல ஆள் இருந்தால் பின்னால் இருக்கும் நாலு பேருக்கும் வேலை பாதியாகிவிடும் என்று அவரைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன்.

கேட்டி அண்ணா: 2014 மாமா? முதல் எண்ணில் எட்ஜ் ஆள் கிளவுனியை எடுத்தோம். அதே வருடம் அவரைவிட நல்ல ஆட்கள் பின்னால் போனார்கள்: கலீல் மாக் 5ஆவது, ஆரன் டொனால்ட் 13ஆவது.

சுகர்லேண்ட் மாமா: கிளவுனிக்கு முதல் ஆட்டத்திலேயே முழங்கால் போனது. அதற்கு யார் என்ன செய்ய முடியும்? டொனால்ட் என்று நீயே சொன்னாய். பிப்ரவரியில் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலில் பெங்கால்ஸின் குவார்ட்டர்பேக் பர்ரோவை ராம்ஸ் 7 முறை சாக் செய்தது. கடைசியில் டொனால்ட் அவரைப் பிடித்துச் சுழற்றியதில்தான் ராம்ஸுக்கு 23–20.

நான்: அதற்கு மூன்று வாரம் முன்னால் அதே பர்ரோவை டைட்டன்ஸ் 9 முறை சாக் செய்தது மாமா. ஜெயித்தது யார்? பெங்கால்ஸ், 19–16. விழுந்து எழுந்து மறுபடி எறிந்துகொண்டே இருந்தார், பந்தைப் பிடிக்க ரிசீவர் சேஸ் இருந்தார். லீகில் நம் பாதியான இந்த ஏ.எஃப்.சி.யில் மஹோம்ஸ், ஆலன், பர்ரோ, ஹெர்பர்ட் என்ற குவார்ட்டர்பேக்குகள் நாலு பேரும் பத்து வருடம் இருப்பார்கள். அவர்கள் எறியும் பந்துக்குக் கீழே நம் ஆள் ஒருவர் நிற்க வேண்டாமா?

சுகர்லேண்ட் அத்தை: கன்சாஸ் சிட்டி ஆட்டத்தை மறக்க முடியுமா. நாம் 24–0 என்று முன்னால் போனதும் பாயசத்துக்குச் சேமியா வறுக்கப் போனேன். வறுத்துவிட்டு வந்தால் அவர்கள் 28–24, பாதி ஆட்டம்கூட முடியவில்லை.

கேட்டி அண்ணா: முடிவில் 51–31, தோற்றோம். அன்றிலிருந்து நானும் கார்னர் கட்சி.

சுகர்லேண்ட் மாமா: சரி, பந்தோடு ஓடும் டைட்டன்ஸ் ஆள் டெரிக் ஹென்றி? நம்மை எதிர்த்து மூன்று முறை 200 கெஜத்துக்கு மேல் ஓடினார். கார்னர் வந்து தடுப்பாரா? அப்புறம் நம் பயிற்சியாளர் லவி ஸ்மித் ஆடவைப்பது ஸோன், ஆளை விட்டு இடத்தைக் காப்பது. ஆளுக்கு ஆள் ஒட்டி ஓடும் பையனை வாங்கி ஸோனில் நிறுத்துவது, சாம்பாரில் குங்குமப்பூ போடுவது மாதிரி.

நான்: ஹென்றி விஷயத்தில் உங்களோடுதான் மாமா. ஆனால் பயிற்சியாளர் பேச்சை ஒப்புக்கொள்ள மாட்டேன். முன்பிருந்த கல்லி ஒரே சீசனில் போனார். ஸ்மித் எத்தனை நாள் என்று யார் கண்டது? முதல் சுற்றில் வரும் பையனுக்கு நாலு வருட ஒப்பந்தம், அணி விரும்பினால் ஐந்தாவதும். போகிறவருக்காக இருக்கிறவரை விடக் கூடாது.

சுகர்லேண்ட் மாமா: அது யோசிக்க வேண்டியதுதான். கார்னர் என்றால் யார்? அதையாவது ஒன்றாகச் சொல்லுங்கள்.

நான்: சாஸ் கார்ட்னர்.

கேட்டி அண்ணா: ஸ்டிங்லி.

நான்: அண்ணா, கார்ட்னர் 6 அடி 3 அங்குலம். சின்சினாட்டி கல்லூரியில் மூன்று வருடம் அவர் காத்த ஆளுக்கு ஒரு டச்டவுன்கூட, அதாவது எல்லைக்கோட்டைத் தாண்டிய புள்ளிகூட, விடவில்லை. பிளேஆஃபில் அலபாமாவை எதிர்த்தும் விடவில்லை. ஸ்டிங்லி போன வருடம் ஆடியது மூன்றே ஆட்டம். பாதத்தில் அடி.

கேட்டி அண்ணா: நான் ஸ்டிங்லியின் கல்லூரியான எல்.எஸ்.யு.வில் படித்தவன், அதனால் சொல்கிறேன் என்று நினைக்காதே. 2019இல் ஃப்ளோரிடா ஆட்டத்துக்கு மைதானத்தில் இருந்தேன். எல்லைக்கோட்டுக்கு அப்பால் எண்ட் ஸோனில் எதிரணி எறிந்த பந்தைப் பறித்தார். பந்து வரும்முன்பே அது வரும் இடத்தில் நின்றார், ரிசீவர்தான் அவரைத் துரத்துவது போலத் தெரிந்தது. அப்போது வயது 18. அந்த சீசனில் இப்படிப் பறித்தது, அதாவது இன்டர்செப்ஷன், 6. பயிற்சியில் தினமும் எதிரே நின்றவர் யார் தெரியுமா? இப்போது நீ சொன்ன அதே சேஸ். கால் ஆறிவிடும், அந்தக் கண் வேறு யாருக்கும் வராது.

அம்மா: அடிபட்ட பிள்ளையா? வேண்டாம்பா.

கேட்டி அண்ணா: அவர் தாத்தாவும் ஆட்டக்காரர் அம்மா, பேட்ரியட்ஸில் டேரில் ஸ்டிங்லி. 1978இல் பயிற்சி ஆட்டம் ஒன்றில் மோதி விழுந்தார், அதன்பின் நடக்கவே இல்லை. 2007இல் இறந்தார். அப்பாவும் உள்ளரங்கு ஃபுட்பாலில் இருந்தவர்.

அம்மா: அப்படி ஒன்று நடந்த வீட்டில் மறுபடி ஒரு பிள்ளையை மைதானத்துக்கு அனுப்ப எப்படி மனது வந்ததோ. அண்ணே, அந்தப் பையன் வந்தால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். நல்லா இருக்கட்டும்.

சுகர்லேண்ட் மாமா: நாளை பார்ப்போம். என் ஓட்டு மாறவில்லை.

28 ஏப்ரல் 2022, வியாழன்

சுகர்லேண்ட் அத்தை: ஷிஃப்டில் இருப்பவனுக்குச் செய்தி: ஜாக்சன்வில் ஹட்சின்சனை விட்டுவிட்டது! எடுத்தது ஜார்ஜியா கல்லூரியின் எட்ஜ் பையன் டிராவன் வாக்கர்.

நான்: போன வருடம் 6 சாக்தானே எடுத்தார் அத்தை!

கேட்டி அண்ணா: 272 பவுண்டு உடம்போடு 40 கெஜத்தை 4.51 நொடியில் ஓடினார். அதைப் பார்த்து எடுத்திருக்கிறார்கள்.

மதுரை சித்தப்பா: காபியோடு உட்கார்ந்துவிட்டேன். இங்கே விடியவே இல்லை. நம் முறை எப்போது?

சுகர்லேண்ட் அத்தை: டெட்ராய்ட் ஹட்சின்சன். அடுத்தது நாம். மாமா நாற்காலி நுனியில். 99 ஜெர்சி போட்டிருக்கிறார்.

நான்: திபடோ, கார்ட்னர், ஸ்டிங்லி மூன்று பேரும் இருக்கிறார்கள்!

கேட்டி அண்ணா: ஸ்டிங்லி!!! டெரெக் ஸ்டிங்லி!!!

அம்மா: அந்தத் தாத்தாவின் பேரனா? முருகா, கால் நன்றாக இருக்க வேண்டும்.

நான்: கார்ட்னர் வருவார் என்று நினைத்தேன். பரவாயில்லை, கார்னர் வந்துவிட்டார். மாமா என்ன சொல்கிறார்?

சுகர்லேண்ட் அத்தை: பேசவில்லை. சமையலறைப் பக்கம் ஒரு நடை போய்விட்டு வந்தார்.

கேட்டி அண்ணா: நாலாவது எண், ஜெட்ஸ்: கார்ட்னர். ஐந்தாவது ஜயண்ட்ஸ், திபடோ.

நான்: முதல் ஐந்தும் தடுப்பாட்டக்காரர்கள்!

சுகர்லேண்ட் மாமா: திபடோ போனது எனக்கு வலிக்கிறது, மறைக்க மாட்டேன். ஆனால் அந்தப் பையனின் பழைய ஆட்டத்தை டிவியில் போட்டார்கள். நீ சொன்னது சரிதான், பந்துக்கு முன்னால் போய் நிற்கிறார். 13ஆவது எண் இன்னும் நம் கையில் இருக்கிறது. மச்சான், காபியை வைத்துவிட்டு எழுந்துவிடாதீர்கள்.