உவர்மண் தோட்டத்தில் காட்டு முள்ளங்கி வளர்க்கலாமா?

உச்சிப்புளித் தோட்டக்காரி:

அனைவருக்கும் வணக்கம். உச்சிப்புளிக்கு அருகில், கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் எங்கள் வீடு இருக்கிறது. மண் முழுக்க மணல். கொத்தினால் சிப்பித் துண்டுகள் மேலே வரும். அடிகுழாய்த் தண்ணீர் மழைக்காலத்தில் குடிக்கும்படி இருந்தாலும் பங்குனிக்குப் பிறகு உவர்த்துவிடும். சென்ற ஆண்டு முள்ளங்கி போட்டேன். கிழங்குகள் இரண்டு மூன்றாகப் பிளந்து, நாக்கைச் சுடும் காரத்துடனும் நாரோடும் வந்தன. இலை நுனிகளும் கருகிப்போயின.

மேற்கு ஆஸ்திரேலியாவில் வசிக்கும் என் தங்கை சென்ற மாதம் ஊருக்கு வந்தபோது, அங்கே கடற்கரைப் பாதையோரம் தானாக வளரும் காட்டு முள்ளங்கியின் உலர்ந்த காய்களைக் கைக்குட்டையில் முடிந்து எடுத்து வந்தாள். அதன் இளங்கீரையை அவள் வதக்கிச் சாப்பிட்டிருக்கிறாளாம். உப்புக்காற்றில் வளரும் செடி என்பதால் நம் மண்ணுக்குப் பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது. எந்த மாதத்தில், எவ்வளவு ஆழத்தில் விதைக்க வேண்டும்? ஊரணிக் கரையில் முளைக்கும் ஒரு மூலிகையையும் எங்கள் அப்பத்தா காட்டுமுள்ளங்கி என்றுதான் சொல்வார். இரண்டும் ஒன்றா?

பெரியபட்டினம் விவசாயி:

சகோதரிக்கு வணக்கம். உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் இந்தப் பெயர்க் குழப்பம் பலருக்கும் உண்டு. அப்பத்தா சொல்லும் செடி பெரும்பாலும் புளூமியா லாசெரா என்பதாக இருக்கும். நாட்டு மருத்துவத்தில் காட்டுமுள்ளங்கி என்று வழங்குவது அதைத்தான். அது சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. இலையைக் கசக்கினால் கற்பூரம் போன்ற கடும் வாடை அடிக்கும். இலையின் தோற்றம் முள்ளங்கியை ஒத்திருக்கிறதே தவிர உறவு எதுவும் இல்லை. உங்கள் தங்கை கொண்டுவந்தது ராஃபானஸ் ராஃபானிஸ்ட்ரம் எனப்படும் உண்மையான காட்டு முள்ளங்கி. அது கடுகுக் குடும்பம். சிலுவை வடிவில் நான்கு இதழ்கள் கொண்ட வெளிர்மஞ்சள் அல்லது வெள்ளைப் பூ, இதழ்களில் ஊதா நரம்புகள்.

உங்கள் கையில் இருக்கும் காயை ஒரு முறை உற்றுப் பாருங்கள். மணி கோத்ததுபோல் இடையிடையே இறுகியிருக்கும். வளைத்தால் மணி மணியாக ஒடியும். ஒவ்வொரு துண்டிலும் ஒரு விதை, அதைச் சுற்றி நெட்டி போன்ற கெட்டியான ஓடு. இந்த ஓடு இருக்கும்வரை விதை எளிதில் முளைக்காமல் பல ஆண்டுகள் மண்ணில் உறங்கிக் கிடக்கும். ஓர் ஆண்டு கொஞ்சம், மறு ஆண்டு கொஞ்சம் என்று முளைத்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் மேற்கு ஆஸ்திரேலியாவின் கோதுமை வயல்களில் இது மிக மோசமான களைகளுள் ஒன்றாக இருக்கிறது. பல வகைக் களைக்கொல்லிகளுக்கும் அங்கே இது அசைந்து கொடுப்பதில்லை.

ஆகவே, தயவுசெய்து இதை விதைக்க வேண்டாம். மனதைப் புண்படுத்தச் சொல்லவில்லை; வெளிநாட்டிலிருந்து விதை கொண்டுவருவதற்கு 2003ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணையின்படி அனுமதியும் நோயற்றது என்ற சான்றும் வேண்டும். இது தெரியாமல் அன்போடு கொண்டுவருபவர்கள் நம் ஊர்ப்பக்கம் ஏராளம். மேலும், காட்டு முள்ளங்கியும் வீட்டு முள்ளங்கியும் தேனீக்களின் வழியே எளிதில் கலந்துவிடும். சொந்தமாக முள்ளங்கி விதை எடுப்பவர் அக்கம்பக்கத்தில் இருந்தால் அவருடைய விதையும் கெட்டுப்போகும். இத்தனைக்கும் இதன் வேர் மெலிந்த கட்டை, கிழங்காகத் திரளாது.

காய்களை அடுப்பில் போட்டு எரித்துவிடுங்கள். எருக்குழியில் மட்டும் போட்டுவிடாதீர்கள், சூடு போதாவிட்டால் விதை பிழைத்துக்கொள்ளும்.

தேவிபட்டினம் வீட்டுத்தோட்டம்:

மேலே ஐயா சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆனாலும் சகோதரியின் தேவை நியாயமானது. உப்புக்காற்றடிக்கும் மணலில் கீரையும் காயும் தரும் முள்ளங்கி அவருக்கு வேண்டும். அதை நாட்டு முள்ளங்கியிலேயே பெறலாம்.

சென்ற ஆண்டு கிழங்கு பிளந்ததற்கு மண்ணில் கிடந்த சிப்பியும், மக்காத சாணமும் காரணமாக இருக்கலாம். வேர் நுனி தடைபட்டால் கவை விடும். காரம் ஏறுவது வெப்பத்தாலும் தண்ணீர் விட்டு விட்டுக் கிடைப்பதாலும். நாராவது அறுவடை தாமதிப்பதால். இலை நுனி கருகியது உப்பின் வேலை. ஆகவே ஐப்பசி, கார்த்திகை அடைமழை மண்ணின் உப்பைக் கழுவி இறக்கிய பிறகு, மார்கழித் தொடக்கத்தில் விதையுங்கள். ஒரு முழ ஆழத்துக்கு மணலைச் சலித்துச் சிப்பியை நீக்கி, நன்றாக மக்கிய ஆட்டு எருவும், பல முறை அலசிய தென்னைநார்க் கழிவும் கலந்து மேட்டுப்பாத்தி கட்டுங்கள். நார்க்கழிவை அலசாமல் போட்டால் அதிலுள்ள உப்பும் சேர்ந்துகொள்ளும்.

விதையை விரல் நகம் மறையும் ஆழத்துக்கு மேல் புதைக்க வேண்டாம். நான்கைந்து நாட்களில் முளைத்துவிடும். நாற்றுப் பருவத்தில்தான் உப்பு அதிகம் தாக்கும் என்பதால் முதல் இரண்டு வாரங்களுக்காவது தொட்டியில் பிடித்துவைத்த மழைநீரை ஊற்றுங்கள். பத்தாம் நாளில் செடிக்குச் செடி ஒரு சாண் இருக்கும்படி கலைத்துவிட வேண்டும். கலைத்து எடுத்த செடிகளே முதல் கீரை, பாசிப்பருப்போடு வேகவைத்தால் அவ்வளவு நன்றாக இருக்கும். வாடைக்காற்று வரும் பக்கம் பனையோலையால் இடுப்புயரத்துக்கு மறைப்புக் கட்டுங்கள். காற்று சற்றே ஊடுருவும்படி இருப்பது நல்லது. அடைத்துக் கட்டினால் ஒரே இரவில் சாய்ந்துவிடும். இலையில் சல்லடைபோல் துளை விழுந்தால் அது தெள்ளுப்பூச்சி. காலைப் பனி காயுமுன் சாம்பல் தூவுகிறேன், ஓரளவு கட்டுப்படுகிறது.

நாற்பது, நாற்பத்தைந்து நாளில் கிழங்கைப் பிடுங்கிவிடுங்கள். ஏழெட்டுச் செடிகளை மட்டும் விட்டுவையுங்கள். அவை பூத்துப் பிஞ்சு விடும். ஒற்றைச் செடியை விட்டால் சரியாகக் காய்க்காது, முள்ளங்கிக்குப் பிற செடியின் மகரந்தம் வேண்டும். பிஞ்சு பென்சில் பருமனில், நகத்தால் கிள்ளினால் சட்டென்று ஒடியும் பதத்தில் இருக்கும்போதே பறிக்க வேண்டும். வடநாட்டில் இதற்கென்றே ஒரு வகையைப் பயிரிட்டு மோக்ரி என்று சந்தையில் விற்கிறார்கள். நான் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பில் கடைசிக் கொதியில் போடுவேன்.

உச்சிப்புளித் தோட்டக்காரி:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். கேள்வி கேட்பதற்கு முன்பே நான்கு காய்த்துண்டுகளை ஒரு தொட்டியில் ஊன்றியிருந்தேன். இரண்டு முளைத்து, சொரசொரப்பான இரண்டிரண்டு இலை விட்டிருக்கின்றன. மற்ற இரண்டையும் காணவில்லை. இனி என்ன செய்வது?

பெரியபட்டினம் விவசாயி:

முளைத்ததை வேரோடு பிடுங்கிவிடுங்கள். பூக்காத செடியால் பரவ இயலாது. முளைக்காத இரண்டும் தொட்டிக்குள்தான் இருக்கின்றன என்பது பெரிய நிம்மதி. அந்த மண்ணைத் தோட்டத்தில் கொட்டாமல் ஒரு பழைய தாளில் பரப்பித் தேடுங்கள். துண்டு பெரிதாக இருப்பதால் கண்ணில் படும்.

உச்சிப்புளித் தோட்டக்காரி:

நேற்று மாலை மண்ணைச் சலித்தேன், இரண்டும் கிடைத்தன. ஒன்றின் ஓட்டை அரிவாள்மனையில் வைத்துத்தான் பிளக்க முடிந்தது. உள்ளே கடுகைவிடச் சற்றுப் பெரிய செம்பழுப்பு விதை கொஞ்சமும் ஊறாமல் அப்படியே இருந்தது. எல்லாவற்றையும் கைக்குட்டையோடு விறகடுப்பில் போட்டுவிட்டேன். தங்கையிடம் தொலைபேசியில் சொன்னபோது முதலில் வருந்தினாள். பிறகு, அடுத்த முறை வரும்போது நாட்டு முள்ளங்கிப் பிஞ்சில் எனக்குக் குழம்பு வை என்றாள். மார்கழிக்காக மணல் சலிக்கத் தொடங்கியிருக்கிறேன்.