[கலைச்சொல்] மவுண்ட்: ஏற்று? பூட்டு? கொளுவு?

ஒருங்கிணைப்பு:
வணக்கம். லினக்ஸ் கோப்பு மேலாளரின் தமிழ்ச் சரங்களை (திரையில் வரும் சொற்களை) வெள்ளி இரவுக்குள் ஏற்றியாக வேண்டும். ‘மவுண்ட்’ (வட்டிலுள்ள கோப்புகளைப் பயன்படுத்தும்படி கணினியோடு இணைப்பது), ‘அன்மவுண்ட்’ (அந்த இணைப்பை நீக்குவது) இரண்டும்தான் பாக்கி. பழைய கோப்பில் ‘ஏற்று’, ‘இறக்கு’ என்று இருக்கிறது. லோடுக்கும் அதே ‘ஏற்று’. ‘இறக்கு’ என்பதைப் பார்த்தவர்கள் படங்களை டவுன்லோடு செய்வதாக நினைத்து அழுத்துகிறார்கள், சாளரமே மூடிக்கொள்கிறது. மாற்றுச் சொல் தாருங்கள். பொத்தானில் இடம் குறைவு, ஒரே சொல்லாக இருந்தால் நல்லது.

கோவை:
1971-இல் வந்த முதல் யுனிக்ஸ் கையேட்டிலேயே இந்தக் கட்டளை உண்டு. அக்காலத்தில் வட்டுப் பொதியையும் நாடாச் சுருளையும் ஆள் தூக்கிப்போய் இயக்கியில் மாட்டினார். இன்று மாட்டுவது நாம், கெர்னல் (இயங்குதளத்தின் கரு) செய்வது வேறு. வட்டிலுள்ள கோப்பு மரத்தை நம் மரத்தின் ஒரு கிளையில் சேர்க்கிறது, அதன் பிறகுதான் வேலை நடக்கும். ஏரும் மாடும் சேர்வது அப்படித்தானே? ஏர் பூட்டு, தேர் பூட்டு, வில்லில் நாண் பூட்டு. ஆகவே ‘பூட்டு’, எதிர்ச்சொல் ‘அவிழ்’. ‘எல்லாச் சொல்லும் பொருள் குறித்தனவே’ என்பது தொல்காப்பியம். சாவிப் பூட்டு வந்து ஒட்டிக்கொண்டதற்குச் சொல் என்ன செய்யும்?

சென்னை:
சொல் ஒன்றும் செய்யாது ஐயா, பயனர்தான் பதறுவார். லக்ஸ் என்ற லினக்ஸ் முறையில் மறையாக்கம் செய்த (கடவுச்சொல்லால் காத்த) வட்டைச் செருகினால் முதலில் கடவுச்சொல் கேட்டு அன்லாக் ஆகும், அடுத்து மவுண்ட் ஆகும். உங்கள் சொல்லைப் போட்டால் திரையில் வருவது: “பூட்டு திறக்கப்பட்டது. வட்டு பூட்டப்பட்டது.” ‘அவிழ்’ என்பதும் ஜிப் கோப்புக்கு ஏற்கெனவே போய்விட்டது.

மதுரை:
எதற்கு இவ்வளவு சுற்று? பென்டிரைவை மாட்டு, கழற்று. ஊரே இப்படித்தான் பேசுகிறது.

சென்னை:
> மாட்டு, கழற்று

அதுதான் ஆபத்து. ‘கழற்று’ என்று எழுதியிருந்தால் கையால் கழற்றிவிடுவார்கள். 3 ஜிபி வீடியோவை நகலெடுக்கும்போது முன்னேற்றப் பட்டை பட்டென்று முடிந்துவிடும், ஆனால் ஒரு பங்கு இன்னும் ராமில் நிற்கும். எழுதப்படாத தரவு, கிடைக்கும் நினைவகத்தில் 20 விழுக்காடு வரை தேங்கலாம் என்பது கெர்னலின் இயல்பு அமைப்பு. 8 ஜிபி ராம் உள்ள கணினியில் அது ஒரு ஜிபியைத் தாண்டும். அன்மவுண்ட் கொடுத்தால் மிச்சத்தை எழுதி முடித்துவிட்டுத்தான் திரும்பும், பழைய யுஎஸ்பி 2 குச்சியில் அதற்குச் சில நிமிடம் பிடிக்கும். அதற்குள் பிடுங்கினால் கோப்பின் பெயர் இருக்கும், வீடியோ பாதியில் நிற்கும்.

‘மாட்டு’ம் உதவாது. மாட்டியிருந்தும் மவுண்ட் ஆகாத நிலை ஒன்று உண்டே. விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்திருக்கும் கணினியில் ‘டி’ டிரைவ் திறக்கவில்லை, அல்லது படிக்க மட்டும் முடிகிறது என்று வரும் புகார்களில் பெரும்பாலும் விண்டோஸ் 8-இல் வந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்தான் காரணம். ஷட்டவுன் கொடுத்தாலும் அது கெர்னலைப் பாதி உறக்கத்தில் வைக்கிறது, என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் கோப்பு முறைமை) வட்டு முழுதாக மூடப்படுவதில்லை. அதன்மேல் எழுதினால் கோப்பு முறைமை கெடும் என்பதால் லினக்ஸ் தயங்குகிறது. ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ஷட்டவுன் கொடுக்கலாம், அல்லது ரீஸ்டார்ட் கொடுத்து லினக்ஸுக்கு வரலாம். நிரந்தரத் தீர்வு, விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸில் அதை அணைப்பது. வலுக்கட்டாயமாக மவுண்ட் செய்யச் சொல்லித் தரும் குறிப்புகளைத் தொடாதீர்கள். அந்த நேரத்தில் “வட்டை மாட்ட முடியவில்லை” என்று திரை சொன்னால், வடத்தைத்தான் நூறு முறை பிடுங்கிச் செருகுவார்கள்.

யாழ்ப்பாணம்:
எங்கட பக்கம் ‘கொளுவு’ எண்டு சொல்லுவம். சேட்டை (சட்டையை) கொளுவு, பிளக்கைக் கொளுவு. லோடோடயும் லொக்கோடயும் முட்டாது. ஒரு குறை, கொளுவல் எண்டால் சண்டையும்தான். இப்ப இங்க நடக்கிற மாதிரி.

கோவை:
அருமை! ‘கொள்’ என்ற வேரிலிருந்து கொளுவு, அதிலிருந்து கொளுக்கி. ழகரம் போட்டு எழுதுவோரும் உண்டு, அது ஏர்க்கொழுவில் கொண்டு போய்விடும் (மீண்டும் ஏர்! என் கட்சிக்கு வலு). வேரைத் தேடப் போனால் ‘ஆர்’ என்ற வினையும் இருக்கிறது. அகநானூற்று நான்காம் பாட்டில் ‘மணிநா ஆர்த்த மாண்வினைத் தேரன்’. பூவில் தேனுண்ணும் வண்டு அஞ்சக் கூடாதென்று மணியின் நாவைக் கட்டி வைத்தான் தலைவன். ஆர்த்தல் என்றால் பிணித்தல். ‘வட்டை ஆர்’ என்று இரண்டே எழுத்தில் முடிந்துவிடும், பொத்தானிலும் இடம் மிஞ்சும்.

மதுரை:
ஆர்த்தல் என்றால் ஆரவாரம் செய்வதும்தானே ஐயா. பழைய ஹார்ட் டிஸ்குக்கு அதுவும் பொருந்தும்.

சிங்கப்பூர்:
‘மவுண்ட்’ என்றே விடுங்கள். மவுண்ட் ரோட்டை அண்ணா சாலை ஆக்கியும் பேருந்தில் மவுண்ட் ரோடு என்றே சீட்டுக் கேட்கிறார்கள். முனையத்தில் (கட்டளைகளைத் தட்டச்சிடும் சாளரத்தில்) அடிக்கப்போவதும் அந்தச் சொல்தான், பிழைச்செய்தியைத் தேடப்போவதும் அதை வைத்துத்தான். (அன்மவுண்ட் கட்டளையில் ஓர் ‘என்’ எழுத்தை விழுங்கி ‘யுமவுண்ட்’ ஆக்கினார்களே, அதை யாராவது கேட்டார்களா?)

சென்னை:
முனையம் பக்கமே போகாதவர்களுக்கு அல்லவா இந்தப் பொத்தான்! என் கணிப்பில் ‘மவுண்ட்’டைவிட ‘அன்மவுண்ட்’தான் முக்கியம். செருகியதும் பென்டிரைவ் தானாக மவுண்ட் ஆகிவிடுகிறது, மனிதர் அழுத்துவது இரண்டாவது பொத்தானைத்தான். அதற்கு ‘விடுவி’ என்று வைக்கலாம். கணினி தன் பிடியை விடுகிறது, அதன்பின் கழற்றுவது உங்கள் கை. “விடுவிக்கப்பட்டது. இனிக் கழற்றலாம்” என்று செய்தி வந்தால் யாருக்கும் விளக்கம் வேண்டியதில்லை.

முதலாவதற்கு ‘பொருத்து’. நிரந்தர வட்டுகளுக்கும் இது ஒத்துவரும். எஃப்எஸ்டேப் கோப்பில் (கணினி தொடங்கும்போது பொருத்த வேண்டிய வட்டுகளின் பட்டியல்) வெளிவட்டு ஒன்றை எழுதும்போது ‘நோஃபெயில்’ (வட்டு இல்லாவிட்டாலும் தொடர்) சேர்க்காவிட்டால், வட்டு இல்லாத நாளில் கணினி 90 நொடி காத்திருந்துவிட்டு அவசர முனையத்தில் போய் நிற்கும். இன்னொன்று, பொருத்த வேண்டிய கோப்புறையில் வட்டு பொருந்தாமலே காப்பு (பேக்கப்) நிரல் ஓடினால், அத்தனையும் உள்வட்டில் போய் நிரம்பும். அப்புறம் வட்டைப் பொருத்தினால் அந்தக் கோப்புகள் கண்ணுக்கே தெரியாது, வட்டு மேலே மூடியதுபோல் இருக்கும். விடுவித்துப் பார்த்தால் அடியில் அப்படியே கிடக்கும். “பொருந்தவில்லை” என்று தன்வினையிலும் சொல்ல வருவதால் இந்தப் பிழைகளை எழுதுவது எளிது.

கோவை:
“வட்டு பொருந்தவில்லை” என்றால் சாதகத்தை எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். கம்பாட்டிபிள் என்பதற்கும் ‘பொருந்தும்’ என்றுதானே எழுதியிருக்கிறோம்? பொருத்துக்கு எதிர்ச்சொல் விடுவியும் அன்று. பூட்டு–அவிழ் போல இணையாக நில்லாது.

ஒருங்கிணைப்பு:
மணி பதினொன்றரை. ‘விடுவி’யை யாரும் மறுக்கவில்லை. ‘பொருத்து’க்கு மூவர், ‘கொளுவு’க்கு ஒருவர், ‘பூட்டு’க்கு ஒருவர் (இடையில் ‘ஆர்’). பொருத்து, விடுவி என்று ஏற்றிவிட்டேன். ‘பொருத்துக’ என்று வியங்கோளாக்கலாமா என்ற பேச்சை அடுத்த வெளியீட்டுக்குத் தள்ளுகிறேன். உதவிப் பக்கத்தில் முதல் இடத்தில் மட்டும் ‘பொருத்து (மவுண்ட்)’ என்று இருக்கும்.

கோவை:
என் மறுப்பைச் சொல்தொகுதியின் குறிப்புப் பத்தியில் பதிந்துவிடுங்கள்.

யாழ்ப்பாணம்:
பதியேக்க கொளுவையும் சேர்த்துப் பதியுங்கோ. அதுக்கு முதல் ஒண்டு: விடுவிக்க முடியாதபோது வாற ‘டார்கெட் ஈஸ் பிசி’ எண்ட சரம் “இலக்கு அலுவலாக உள்ளது” எண்டு கிடக்குது. வட்டுக்கு என்ன அலுவல்? அதிலுள்ள ஏதோ கோப்பு திறந்திருக்கு, இல்லாட்டி முனையம் அந்தக் கோப்புறைக்குள்ள நிக்குது, அவ்வளவுதான். “வட்டு பயன்பாட்டில் உள்ளது” எண்டு மாத்தட்டே?

கோவை:
‘பயன்பாடு’ என்பது ஆப் அல்லவா?